பிளாஸ்டிக் குழாயில் மைக்ரோவேவ் ஓடுமா?

கல்லூரி புராஜெக்டுக்காக 10 கிகாஹெர்ட்ஸ் வேவ்கைடு ஃபில்டர் செய்ய வேண்டும். அலுமினியத்தில் குடைந்தெடுக்கக் கையில் காசில்லை. 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக்கில் செய்தால் வேலைக்கு ஆகுமா?
– இறுதியாண்டு மாணவி ஒருவர்

தாராளமாக ஆகும். மைக்ரோவேவ் மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலோடு நின்றுவிடும். 10 கிகாஹெர்ட்ஸில் அது செம்புக்குள் இறங்கும் ஆழம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. உட்சுவரில் 5 முதல் 10 மைக்ரான் செம்புப் பூச்சு இருந்தால் போதும். அதற்குப் பின்னால் இருப்பது பிளாஸ்டிக்கா அலுமினியமா என்பது அலைக்குத் தெரியாது.

ரெசின் பிரிண்டரில் அடியுங்கள். இழையை உருக்கி அடிக்கும் பிரிண்டர் விட்டுச்செல்லும் வரிகளை நகத்தால் தடவினால் நெருடும். அந்த நெருடல் சிக்னலைத் தின்னும்.

மூடிய குழாயாக அடிக்காதீர்கள். அகலச் சுவரின் நடுக்கோட்டில் நீளவாக்கில் பிளந்து, இரண்டு பாதிகளாக அடியுங்கள். பூச்சுக் கரைசல் மூலைமுடுக்கெல்லாம் போகும். அந்தக் கோட்டை மின்னோட்டம் குறுக்கே கடக்காது என்பதால், இணைப்பில் கசிவுக்கும் பயமில்லை.

அளவில் மட்டும் கறாராக இருங்கள். 22.86 × 10.16 மி.மீ. வேவ்கைடில், ஃபில்டரின் ஓர் ஒத்ததிர்வு அறையின் நீளம் 20 மி.மீ.யை ஒட்டி வரும். அதில் 0.1 மி.மீ. கூடினாலே அதிர்வெண் சுமார் 28 மெகாஹெர்ட்ஸ் இறங்கிவிடும். ரெசின் இறுகும்போது சுருங்கும். முதலில் ஓர் அறையை மட்டும் அடித்து, வெர்னியரில் அளந்து, வரைபடத்தைத் திருத்துங்கள்.

அறைக்கொரு டியூனிங் திருகு வையுங்கள். அகலச் சுவரின் நடுவில் திருகு உள்ளே இறங்க இறங்க அதிர்வெண் குறையும். ஆகவே அறையை ஒரு மயிரிழை குட்டையாகவே வரையுங்கள். மிச்சத்தைத் திருகு பார்த்துக்கொள்ளும். துணிந்து இறங்குங்கள்!