சர்க்கரைக்கு அனுமதி, தேனுக்குத் தடை

குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஒற்றைச் சர்க்கரைகள். சுக்ரோஸ், லாக்டோஸ் இரட்டைச் சர்க்கரைகள் என்று கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். இந்த வேறுபாட்டால் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். அந்தக் கேள்விக்கு நான் பயன்படுத்துவது 'குறை ஃபாட்மேப்' உணவுமுறை. அடிக்கடி வயிற்றுவலி, உப்புசம், வயிற்றுப்போக்கு என அவதிப்படும் எரிச்சல் குடல் நோயாளிகளுக்காக, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த முறை இது. ஃபாட்மேப் என்ற பெயர் 2005இல் வந்தது.

வெள்ளைச் சர்க்கரை, தேன், பால், மாம்பழம், ஆரஞ்சு, 'சர்க்கரை இல்லாத' சூயிங்கம் ஆகிய ஆறையும் எழுதி, இந்த நோயாளிக்கு எவை ஆகும் என்று ஊகிக்கச் சொல்வேன். முதலில் அடிபடுவது வெள்ளைச் சர்க்கரைதான். தேனும் சூயிங்கமும் தப்பிவிடும். உண்மையில், அளவோடு எடுத்தால் சர்க்கரைக்கும் ஆரஞ்சுக்கும் அனுமதி உண்டு. மற்ற நான்கும் விலக்கு.

காரணம் இனிப்பில் இல்லை, உறிஞ்சப்படுவதில் இருக்கிறது. சுக்ரோஸ் உடைந்தால் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சம அளவில் கிடைக்கும். குளுக்கோஸ் உடனிருந்தால் ஃபிரக்டோஸ் சிறுகுடலில் எளிதாக உறிஞ்சப்படும். தேனிலும் மாம்பழத்திலும் ஃபிரக்டோஸ் மிகுதி. சூயிங்கத்தில் உள்ள சார்பிட்டால் மெதுவாகவும் அரைகுறையாகவுமே உறிஞ்சப்படும். இப்படி மிஞ்சுவது குடலுக்குள் நீரை இழுக்கும். பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து ஹைட்ரஜன் போன்ற வாயுக்களை உண்டாக்கும்.

பாலின் கதை வேறு. லாக்டோஸை உடைக்க லாக்டேஸ் நொதி வேண்டும். பலருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பின் அது குறைந்துவிடுகிறது. இதை விளக்க மூன்று பாட்டில்கள் போதும். ஒன்றில் வெதுவெதுப்பான சர்க்கரைக் கரைசல், இரண்டாவதில் வெதுவெதுப்பான பால், மூன்றாவதில் லாக்டேஸ் மாத்திரையைப் பொடித்துக் கலந்து ஒரு மணி நேரம் வைத்த பால். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி பேக்கரி ஈஸ்ட் போட்டு, வாயில் பலூனை மாட்டுங்கள். முதல் பலூன் உப்பும், மூன்றாவது சற்றுத் தாமதமாக உப்பும். இரண்டாவது தொங்கியபடியே இருக்கும். பேக்கரி ஈஸ்ட்டிடம் லாக்டேஸ் கிடையாது. நம் பெருங்குடல் பாக்டீரியாக்கள் பலவற்றிடம் அது உண்டு என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், பாலில் வாயுவே வராது என்று எழுதிவைத்துக்கொள்வார்கள்.

"சர்க்கரை நோய் இருக்கும் தாத்தாவுக்கும் இதே பட்டியலா சார்?" என்ற கேள்வி தவறாமல் வரும். இல்லை. அவருக்குக் கவனிக்க வேண்டியது இரத்தத்தில் சேரும் குளுக்கோஸ். இங்கே கவனிப்பது குடலில் மிஞ்சும் சர்க்கரை. தாத்தாவுக்கு வெள்ளைச் சர்க்கரை கட்டுப்பாட்டுக்குரியதுதான்.

இந்தப் பட்டியலை எந்த மாணவருக்கும் உணவு அறிவுரையாக நாம் கொடுக்கக் கூடாது. 2 முதல் 6 வாரம் வரை விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, ஒத்துக்கொள்ளாததை மட்டும் குறைப்பதே முறை. வளரும் பிள்ளைகளுக்கு அதை மருத்துவரும் உணவியல் வல்லுநரும்தான் நடத்த வேண்டும். நம் கையில் இருப்பது வேறு. பால் குடித்தால் வயிறு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையைச் சாக்குச் சொல்வதாகக் கருதாமல், பெற்றோரிடம் பேசி மருத்துவரிடம் அனுப்பலாம். பாட வேளையின் நடுவில் கழிப்பறைக்குப் போகக் கேட்டால் உடனே அனுப்பலாம்.