முதலில் அம்மாவைப் போய்ப் பாருங்கள்

ஒரு மிஷனரியைத் தாங்க நினைக்கிற சபை முதலில் அவருடைய அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும். காணிக்கை அனுப்புவதும் ஜெபிப்பதும் எங்கிருந்தும் செய்யக்கூடியவை. சிங்கப்பூரில் இருக்கிறவர்கூடச் செய்யலாம். சின்னாளபட்டியில் தறிச் சத்தத்துக்கு நடுவே தனியாக இருக்கிற அந்த அம்மாவின் வீட்டுக்கு நடந்து போகக்கூடியவர்கள் நாம்தான்.

நான் காந்திகிராமத்தில் குடியிருக்கிறேன். எங்கள் பெண்கள் ஜெபக்குழு, ஜார்க்கண்டின் ராஜ்மஹல் மலைப்பகுதியில் ஊழியம் செய்யும் ஒரு குடும்பத்தைப் பல வருடங்களாகத் தாங்கி வருகிறது. அந்த ஊழியரின் தாயார் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். பார்க்கப் போனபோது அவர் முதலில் சொன்னது இதுதான்: "விழுந்தத அவங்கிட்ட சொல்லிராத தாயி. போட்டது போட்டபடி கெளம்பி வந்துருவான்." கஸ்தூரிபா மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு, அன்று இரவே மகனுக்குச் சொன்னோம். எலும்பு முறிவு இல்லை, இன்னார் கூடவே படுத்திருக்கிறார், மறுபடி இந்தத் தேதியில் காட்ட வேண்டும் என்று சேர்த்தே சொன்னோம். அவர் கிளம்பி வரவில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளையிடம் கெட்ட செய்தியை மறைப்பது அன்பு ஆகாது. ஆனால் செய்தியோடு துணைக்கு இருக்கிறவரின் பெயரையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒருவர் மாத்திரை வாங்கித் தருவார். ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் திருப்பி அனுப்பினால் இன்னொருவர் கூடப் போய்ப் பேசுவார். பென்ஷனுக்கான வாழ்நாள் சான்று, வீட்டு வரி, மின் கட்டணம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறோம். அந்த நோட்டு ஜெபக்குழுவில் கை மாறிக்கொண்டே இருக்கும்.

நம் மாவட்டத்துக்கு மிஷனரிக் குடும்பங்களின் கஷ்டம் புதிதல்ல. 1835-லேயே அமெரிக்க மதுரை மிஷன் திண்டுக்கல்லில் வேலையைத் தொடங்கிவிட்டது. சமவெளியின் காய்ச்சலும் காலராவும் அந்தக் குடும்பங்களை வாட்டின. அதனால்தான் 1845-ல் கொடைக்கானல் மலையில் வீடு கட்டினார்கள். 1901-ல் தங்கள் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளியும் தொடங்கினார்கள். இன்று நம்மிடமிருந்து வடக்கே போகிற குடும்பங்களுக்கு மலை பங்களா கிடையாது. பிள்ளைகள் விடுதியில் தங்கி, டோனாவூர் சந்தோஷ வித்யாலயா போன்ற பள்ளிகளில் படிக்கிறார்கள். அப்பா அம்மா இருப்பது ரயிலில் மூன்று நாள் தூரத்தில்.

இந்தப் பிள்ளைகளுக்கு நம்மால் நிறையச் செய்ய முடியும். காலாண்டு, அரையாண்டு விடுமுறை பத்து நாள்தான். பெற்றோரிடம் போய்த் திரும்ப அது போதாது. அந்த நாள்களில் நம் வீட்டில் வந்து இருக்கட்டும். அதற்குமுன் பெற்றோரின் சம்மதத்தையும் விடுதியின் விதிமுறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். வந்த பிள்ளையைச் சபையில் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள், வசனம் ஒப்புவிக்கச் சொல்லாதீர்கள். நம் பிள்ளைகளோடு சிறுமலைக்குப் போகட்டும், பரோட்டா சாப்பிடட்டும், மத்தியானம் வரை தூங்கட்டும். பெரிய விடுமுறைக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதும் பெரிய உதவி. இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து சென்னை, அங்கிருந்து ஹவுரா, அதற்கப்பால் இன்னொரு வண்டி. மூன்றும் பொருந்தி வர வேண்டுமென்றால், முன்பதிவு திறக்கிற அன்று காலை எட்டு மணிக்கு யாராவது கையில் போனோடு உட்கார வேண்டும்.

ஊழியர் குடும்பமாக ஊருக்கு வரும்போது நாம் செய்கிற முதல் காரியம் கூட்டம் ஏற்பாடு செய்வது. காலையில் ஒரு சபை, மாலையில் ஒரு சபை, வார நாளில் வீட்டுக் கூட்டம். முதல் வாரத்தில் ஒன்றும் வேண்டாம் என்று ஆயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த வாரம் மருத்துவப் பரிசோதனைக்கு. பல், கண், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கட்டும். காய்ச்சல் இருந்தால் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ராஜ்மஹல் பக்கம் மலேரியாவும் உண்டு, காலா அசார் நோயும் உண்டு. காலா அசாரில் காய்ச்சல் வாரக்கணக்கில் நீடிக்கும், உடல் இளைக்கும், மண்ணீரல் வீங்கும். நம் ஊரில் அது சட்டென்று நினைவுக்கு வராத நோய். மனைவியைத் தனியாக ஒரு பெண் கூட்டிப் போக வேண்டும். அவரும் மிஷனரிதான், ஆனால் அவருடைய உடம்பைப் பற்றிக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு.

பண விஷயத்துக்கு வருகிறேன். தொகை சிறியதாக இருந்தாலும் மாதம் தவறக் கூடாது. அதை ஊழியரை அனுப்பிய மிஷனரிச் சங்கத்தின் கணக்கிலேயே செலுத்துங்கள். ஒருவர் கையில் மட்டும் நேரடியாகக் கொடுத்தால், பக்கத்துப் பணித்தளத்தில் இருக்கிற குடும்பத்தின் மனது வருந்தும். வெளிநாட்டில் இருக்கிற உறவினர் கொடுக்க முன்வந்தால் அவருடைய பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி அனுமதி பெற்ற சங்கம் மட்டுமே வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் அதை வாங்க முடியும். நல்ல மனதோடு தவறான வழியில் அனுப்பிய பணத்தால் சங்கமே சிக்கலில் மாட்டக்கூடும்.

வாட்ஸ்ஆப் குழுவில் படம் பகிர்வதைப் பற்றிக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒடிசாவில் 1967-லும் மத்தியப் பிரதேசத்தில் 1968-லும் ஜார்க்கண்டில் 2017-லும் மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ மதம் மாற்றினால் குற்றம். குளிருக்குப் போர்வை கொடுக்கிற ஒரு படம், அதன் கீழே நாம் உற்சாகமாக எழுதுகிற நாலு வார்த்தை, ஊர்ப் பெயர் எல்லாம் சேர்ந்து எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியாது. ஜெபக் குறிப்பை வாயால் சொல்லுங்கள். ஊரையும் ஆளையும் எழுத்தில் வைக்காதீர்கள்.

சிக்கல் வரும்போது கூட நிற்கிறோமா என்பதில்தான் தாங்குதல் தெரியும். அப்படி நம்மோடு நின்ற கெய்தான் என்ற அமெரிக்க மிஷனரி, காந்தியடிகளோடு நெருங்கியதற்காக 1930-ல் பிரிட்டிஷ் அரசால் வெளியேற்றப்பட்டார். திரும்பி வந்தவரை 1944-ல் மறுபடியும் வெளியேற்றினார்கள். விடுதலைக்குப் பிறகு அவர் திரும்பி வந்து காந்திகிராமப் பணியில் பங்கெடுத்தார். 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா மேலைநாட்டு மிஷனரிகளிடம் வேண்டிக் கேட்டதும் நட்பைத்தான். இப்போது அனுப்புகிற இடத்தில் நாம் இருக்கிறோம். அவர் கேட்டது நம்மிடமும் கேட்டதாகவே எனக்குப் படுகிறது.

இன்னும் சபைகளின் கண்ணில் படாத ஒரு கூட்டம், ஓய்வு பெற்றுத் திரும்புகிறவர்கள். வாழ்நாளெல்லாம் வெளியூரில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்குச் சொந்த வீடு இருக்காது. வாடகை வீடு பார்க்கப் போனால் முன்பணம் கேட்கிறார்கள், என்ன வேலை என்று கேட்கிறார்கள். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை எல்லாம் வேறு மாநிலத்தில். எங்கள் குழு தனியாக ஒரு வைப்புத்தொகை போட்டு வருகிறது, முன்பணத்துக்காக மட்டும். உங்கள் சபையிலிருந்து போனவர் எந்த வருடம் ஓய்வு பெறுகிறார் என்று சங்கத்திடம் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். ஐந்து வருடம் முன்பே தொடங்கினால்தான் அம்பாத்துரையிலோ சின்னாளபட்டியிலோ, மருத்துவமனைக்கும் கோவிலுக்கும் நடக்கிற தூரத்தில், படியேற வேண்டாத ஒரு வீடு அமையும்.