தூண்டிலில் ஈயம் கட்டப் போகிறீர்களா?

முள்ளையும் இரையையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள்கூட, ஈயக்குண்டை மட்டும் கையில் கிடைத்ததை எடுத்து ஏதோ ஒரு முடிச்சுப் போட்டு மாட்டிவிடுகிறார்கள். மீன் நழுவுவதும் நரம்பு அறுவதும் முகத்தில் அடிபடுவதும் பாதி நேரம் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. சாயங்காலம் கரைக்குப் போவதாக இருந்தால், கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

• ராடின் கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும் கிராம் கணக்கைப் பாருங்கள். 10-30 கிராம் என்றிருக்கும் ராடில் 60 கிராம் ஈயத்தை வீசினால் முறியும். இரையின் எடையும் இந்தக் கணக்கில் சேரும்.

• இருப்பதிலேயே லேசான ஈயத்தில் தொடங்குங்கள். நீரோட்டம் இரையை இழுத்துக்கொண்டு போனால் மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். கனம் கூடினால் மீன் கொத்துவது கைக்குத் தெரியாது.

• கழிமுகத்தில் கொடுவாவுக்கு, ஓடும் ஈயமாகக் கட்டுங்கள். முதலில் துளையுள்ள ஈயக்குண்டு, அடுத்து ஒரு பாசிமணி, பிறகு சுவிவல் (சுழல் இணைப்பு), அதன் மறுபக்கம் ஒரு முழம் லீடர் (முள்ளைத் தாங்கும் தனி நரம்பு), நுனியில் முள். மீன் இரையைக் கவ்விக்கொண்டு நகரும்போது நரம்பு மட்டும் துளை வழியே ஓடும். ஈயத்தின் கனம் மீனுக்கு உறைக்காது. பாசிமணிதானே என்று விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வீச்சிலும் ஈயம் நேராக முடிச்சில் போய் மோதும்.

• அலையடிக்கும் மணல் கரைக்கு பிரமிடு ஈயம் வாங்குங்கள். மணலில் புதைந்து பிடித்துக்கொள்ளும். உருண்டை ஈயம் உருண்டுகொண்டே போகும்.

• பாறை இடுக்கில் ஈயத்தை மட்டும் தனியாக, மெல்லிய நரம்பில் கட்டித் தொங்கவிடுங்கள். சிக்கினால் அது அறும், முள்ளும் மீனும் திரும்பி வரும். எப்படியும் போகப்போகிற எடைதான். பழைய ஸ்பார்க் பிளக்கோ நட்டோ போதும்.

• முடிச்சைத் தண்ணீரில் நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த நைலான் உரசும் சூட்டிலேயே பலமிழக்கும்.

• அவ்வப்போது ஈயத்துக்கு மேலே ஓரடி நரம்பை நகத்தில் உருவிப் பாருங்கள். சொரசொரவென்று தட்டினால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். துளையில் வார்ப்புப் பிசிறு இருக்கும் ஈயம்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்யும்.

• கனமான ஈயத்தை ஓங்கி வீசுவதானால், வீச்சின் அதிர்ச்சியைத் தாங்கும் தடித்த ஷாக் லீடர் நரம்பைச் சேருங்கள். ஒரு அவுன்ஸுக்கு, அதாவது 28 கிராமுக்கு, 10 பவுண்டு தாங்கும் நரம்பு என்பது பழைய கணக்கு. 84 கிராம் என்றால் 30 பவுண்டு. குறைந்தால் பாதி வீச்சில் அறுந்து, ஈயம் தோட்டா மாதிரி பறக்கும்.

செய்யக்கூடாதவை

• வாய் பிளந்த ஈயமணியைப் பல்லால் கடித்து மூடாதீர்கள். ஈயம் நஞ்சு, உடம்பில் தங்கும். இந்த மணிகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால்தான், 1987-லேயே இங்கிலாந்தில் 28.35 கிராம் வரையுள்ள ஈய எடைகளுக்குத் தடை வந்தது. மிகச் சிறிய மணிகளுக்கு மட்டும் விலக்கு. குறடு எடுங்கள்.

• குறடு இருக்கிறதென்று நசுக்கியும் விடாதீர்கள். நரம்பில் தழும்பு விழும், பெரிய மீன் அந்த இடத்தில்தான் அறுக்கும்.

• ஈயம் தொட்ட கையோடு பஜ்ஜி தின்னாதீர்கள். சானிடைசர் ஈயத்தைப் போக்காது. சோப்பும் தண்ணீரும் வேண்டும்.

• சிக்கிய ஈயத்தை ராடை வளைத்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். நைலான் நீண்டு நிற்கும். விடுபட்ட நொடியில் ஈயம் உங்கள் கண்ணைப் பார்த்துத் திரும்பும். ராடை நரம்பின் நேர்கோட்டில் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்னால் நடங்கள். கண்ணாடி போட்டிருந்தால் இன்னும் நல்லது.

• அந்த நேரத்தில் நரம்பைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பிரெய்டு நரம்பு விரலை அறுத்துவிடும். ஒரு கட்டையில் சுற்றி இழுங்கள்.

• பின்னாலும் தலைக்கு மேலும் பார்க்காமல் வீசாதீர்கள். பின்னால் குழந்தை நிற்கலாம், மேலே மின்கம்பி போகலாம்.

• வீட்டு அடுப்பில் ஈயம் உருக்காதீர்கள். 327 டிகிரியில் உருகுகிற பொருள்; அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் நீராவி வெடித்து முகத்தில் தெறிக்கும். புகையும் தூசியும் சமையலறையிலேயே படியும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் மூளைக்கே கேடு. மிச்சமாகும் காசு அந்த வைத்தியத்துக்குக் காணாது. கடையில் வாங்குங்கள்.

• அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவராதீர்கள். கொக்கின் காலில் சுற்றும். சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.