பிள்ளையின் பிறந்தநாள் காசு: செலவழிப்பதா, சேமிப்பதா?



முதலாம் பிறந்தநாள் முடிந்த மறுநாட் காலை. வாடகைக் கதிரைகள் திரும்பிப் போய்விட்டன. எஞ்சிய கேக் துண்டில் எறும்பு ஏறியிருக்கின்றது. தாயும் தந்தையும் பாயில் அமர்ந்து உறைகளைப் பிரித்து எண்ணுகின்றார்கள். ஐந்நூறுகள், ஆயிரங்கள், வெளிநாட்டிலிருந்து சித்தப்பா அனுப்பிய ஐயாயிரம். மொத்தம் 22,000 ரூபா. யார் எவ்வளவு தந்தார் என்பதும் கொப்பியில் எழுதப்படுகின்றது. இது ஒரு வீட்டின் கதையன்று. பல வீடுகளில் நான் கண்டவற்றை ஒன்றாக்கிச் சொல்கின்றேன்.

எண்ணி முடிந்ததும் பேச்சுத் தொடங்குகின்றது.

"உது பிள்ளையின்ர காசு. அவளின்ர பேரில பாங்கில போடுவம்" என்கின்றார் தாய்.

"பாங்கில கிடந்து என்ன செய்யப்போகுது? விதை வெங்காயம் எடுத்தமெண்டால் மூண்டு மாசத்தில இரட்டிப்பாக்கலாம்" என்கின்றார் தந்தை.

அம்மம்மா இருவரையும் பார்க்கின்றார். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தவர் அவர். "ஒரு சோடி தோடு வாங்கி வையுங்கோ. ஓடேக்க பாங்கைத் தூக்கிக்கொண்டு ஓடேலாது."

மூவரும் சொல்வதில் நியாயம் இருக்கின்றது. ஆகவே ஒவ்வொன்றையும் கணக்குப் பார்த்து ஆராய்வோம்.

முதலில் வங்கி. ஒரு காலத்தில் நானும் "எல்லாவற்றையும் பிள்ளையின் கணக்கிற் போடுங்கள்" என்றே வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். 2022 என் வாயை அடக்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய செப்டெம்பரை விட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது. 2021 செப்டெம்பரில் 10,000 ரூபா போட்ட ஒரு தாயை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 5 வட்டி என்று வைத்தாலும் ஓராண்டில் புத்தகத்தில் 10,500 இருந்திருக்கும். ஆனால் அந்தக் காசுக்கு, முந்திய ஆண்டில் ஏறக்குறைய 6,200 ரூபாவுக்கு வாங்கிய சாமான்களையே வாங்க முடிந்தது. எண் கூடியது, அரிசி குறைந்தது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் விலையேற்றம் 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது உண்மைதான். ஆனால் ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

இதற்காக வங்கி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேசிய சேமிப்பு வங்கியில் இடும் பணத்துக்கு அரசாங்கத்தின் உத்தரவாதம் சட்டத்திலேயே உண்டு. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற மற்றைய வங்கிகளிலும் வைப்புக் காப்புறுதி இருக்கின்றது. குடிசையில் தகரப்பெட்டிக்குள் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். வெள்ளமும் நெருப்பும் வங்கிப் புத்தகத்தை அழிக்கலாம், கணக்கை அழிக்கா. ஆனால் ஒன்றை முன்கூட்டியே முகாமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுவர் கணக்கிற் போட்ட காசைப் பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை எடுக்க இயலாது. நோய்க்கு எடுக்கலாமா, படிப்புக்கு எடுக்கலாமா என்பதில் வங்கிக்கு வங்கி விதி வேறு. அவசரத்துக்கென்று வைத்திருக்கும் காசைத் தாயின் சொந்தக் கணக்கில் வைப்பதே நல்லது.

அம்மம்மாவின் தங்கத்துக்கு வருவோம். 2022 இல் ரூபா விழுந்தபோது தங்கம் ஏறியது. அந்த ஆண்டில் அவர் சொன்னதே சரியாயிற்று. ஆனால் இன்று 22,000 ரூபாவுக்கு ஒரு கிராம் தங்கமும் வராது. அதிலும் செய்கூலியும் சேதாரமும் போய்விடும். விற்கும்போது அவை திரும்பி வரா. குழந்தையின் தோடு தொலைவதும் இலகு. ஒரு பவுனுக்குச் சேரும்வரை தங்கத்தை நினைக்காமல் இருப்பது உத்தமம்.

தந்தையின் வெங்காயம்? அது இரண்டரை மாதப் பயிர், இரட்டிப்பாவதும் உண்டு. தவறான நேரத்தில் மழை இரண்டு நாள் நின்று பெய்தால் அழுகிப் போவதும் உண்டு. விளைச்சல் எல்லோருக்கும் ஒரே கிழமையில் வந்தால் சந்தையில் விலை படுத்துவிடும். குத்தகைக் காணியிற் செய்பவருக்கு, பயிர் அழிந்தாலும் குத்தகை அழியாது. தோட்டத்துக்கு முதல் வேண்டும் என்பது உண்மை. ஆனால் குழந்தையின் முழுக் காசையும் ஒரே பாத்தியிற் புதைப்பதற்கு நான் சம்மதியேன்.

இந்த வாக்குவாதத்தில் ஒருவரும் வாய் திறக்காத ஒரு விடயம் உண்டு. அதுதான் கடன். பிறந்தநாளுக்கே 15,000 ரூபா கைமாற்று வாங்கியிருக்கின்றார்கள், மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு. (கேக்குக்கும் ஆட்டிறைச்சிக்கும் வட்டி கொடுப்பது பற்றிப் பிறிதொரு முறை எழுத வேண்டும். இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு ஒரு நாளாவது ஊராரைக் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும் என்ற ஆசை இருக்கும். அதை நான் பழிக்க மாட்டேன்.)

இப்போது பாருங்கள். 15,000 ரூபாவுக்கு மாதம் நூற்றுக்கு ஐந்து என்றால் மாத வட்டி 750 ரூபா. அதே 15,000 ரூபாவை ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து தரும் கணக்கிற் போட்டால் ஆண்டு வட்டியும் 750 ரூபாதான். வங்கி ஒரு வருடத்தில் தருவதைக் கடன்காரர் ஒரே மாதத்தில் எடுத்துச் செல்கின்றார். குழந்தையின் காசு வங்கியில் 'வளர்ந்துகொண்டிருக்க', குடும்பம் ஆண்டுக்கு 8,250 ரூபாவை இழந்துகொண்டிருக்கும். குழு முறையில் எடுக்கும் நுண்கடனும் மலிவானதன்று. 2018 இன் இறுதியில் மத்திய வங்கி அதற்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பு விதிக்க வேண்டி வந்ததே, அது எங்கு நின்றது என்பதைக் காட்டும்.

ஆகவே என் ஆலோசனை இது: முதலில் அந்தக் கடனை அடையுங்கள். பிள்ளையின் காசில் அடையுங்கள்.

"சுவாமி, பிள்ளையின்ர காசை நாங்கள் எடுக்கலாமோ?" என்று தாய்மார் கேட்பதுண்டு. அன்பளிப்பைப் பிள்ளையின் கையில் வைத்தார்கள் என்பது சரி. ஆனால் கொப்பியில் எழுதிய அந்த ஐந்நூறையும் ஆயிரத்தையும் நாளை அவர்கள் வீட்டுக் கொண்டாட்டத்திலே திருப்பிக் கொடுக்கப்போகின்றவர்கள் பெற்றோரே. எனவே பெற்றோருக்கும் அதிற் பாத்தியதை உண்டு. எடுப்பது குற்றமன்று. எடுத்ததை மறப்பதுதான் குற்றம். பிள்ளையிடமிருந்து வாங்கிய கடனாக அதை எழுதிக்கொள்ளுங்கள்.

திருப்பிச் செலுத்துவது எப்படி? வட்டிக்குப் போய்க்கொண்டிருந்த மாதம் 750 ரூபா இப்போது கையில் மிஞ்சும். அதே 750 ரூபாவைப் பிள்ளையின் கணக்கிற் போட்டு வந்தால் 20 மாதத்தில் 15,000 ரூபா நிறைந்துவிடும். அப்போது பிள்ளைக்கு இரண்டு வயதும் எட்டு மாதமும். கடன் தீர்ந்த வீட்டில் காசும் சேர்ந்திருக்கும்.

இதிலுள்ள அபாயத்தையும் சொல்லிவிடுகின்றேன். வட்டிக்காரர் மாதம் தவறாமல் வாசலுக்கு வருவார். பிள்ளை வந்து கேளாது. இரண்டாம் மாதமே அந்த 750 ரூபா கடைக்கோ புகையிலைக்கோ போய்விடும். எனவே வட்டி கட்டிய அதே திகதியில் வங்கிக்குப் போங்கள். வங்கி தூரமென்றால், தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கு அஞ்சலகத்தின் ஊடாகவும் நடைபெறும். கிட்டிய அஞ்சலகத்தில் விசாரியுங்கள்.

மீதி 7,000 ரூபாவில் 2,000 ரூபாவைப் போட்டு இப்போதே கணக்கைத் திறவுங்கள். எஞ்சிய 5,000 ரூபாவை நான் செலவழிக்கச் சொல்வேன், பிள்ளையின் வயிற்றுக்கு. முதல் இரண்டு வயதுக்குள் மூளை வளரும் வேகம் பிறகு வராது. கிளினிக் அட்டையில் நிறைக்கோடு படுத்திருக்கும்போது வங்கிப் புத்தகத்தில் எண் ஏறி என்ன பயன்? நாலைந்து ஊர்க்கோழிக் குஞ்சுகளும் ஒரு சிறு கூடும் போதும். ஊர்க்கோழி ஆண்டுக்கு ஐம்பது, அறுபது முட்டை இடும். முட்டையைப் பிள்ளைக்குக் கொடுத்தபின் எஞ்சியதையே விற்க வேண்டும். எல்லா முட்டையையும் விற்று பிஸ்கட் வாங்கிக் கொடுக்கும் வீடுகளை நான் கண்டிருக்கின்றேன். நிறை ஏறாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு அவர் சொற்படி நடவுங்கள்.

கடனே இல்லாத வீடாயின் கணக்கு வேறு. அங்கு பெரும்பகுதியை வங்கியிலும் ஒரு பகுதியைத் தோட்டத்திலும் போடலாம். வெங்காயத்துக்கு எடுத்தால் அதையும் கொப்பியில் எழுதி, அறுவடையன்று முதலில் அதைத் திருப்ப வேண்டும்.

கணக்குத் திறக்கப் பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் பெற்றோரின் அடையாள அட்டையும் கொண்டுபோங்கள். புத்தகம் கிடைத்தவுடன் கணக்கிலக்கத்தை மூன்று இடங்களில் எழுதிவையுங்கள்: கிளினிக் அட்டையின் பின்புறம், பிறப்பத்தாட்சியின் பிரதியில், உறவினர் ஒருவரின் வீட்டில். அன்பளிப்பு எழுதிய அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, மேலே பிள்ளையின் பெயரை எழுதி, "அப்பாவும் அம்மாவும் வாங்கியது 15,000" என்று ஒரு வரி போடுங்கள். கீழே இருபது கோடுகள் கீறி, ஒவ்வொரு மாதமும் ஒன்றை வெட்டுங்கள். இருவரும் கையொப்பமிடுங்கள். அம்மம்மா சாட்சியாக இருக்கட்டும்.