பேசின் பிரிட்ஜில் நிற்காத ரயில்

அன்புள்ள தம்பி,

'பேசின் பிரிட்ஜ்' ஸ்கோர் வந்து சேர்ந்தது. கூடவே ரெக்கார்டிங்கும் அனுப்பியிருந்தாய். அதை ஓரமாக வைத்துவிட்டு முதலில் தாளைத்தான் படித்தேன். அது எங்கள் காலத்துப் பழக்கம். பிறகு கேட்டேன். கை சுத்தம், டைமிங் சுத்தம், சுருதியும் அப்படித்தான். இதையெல்லாம் உனக்குப் பலர் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்லி என்ன ஆகப்போகிறது?

என்னை எரிச்சல்படுத்தியது வேறு. முதல் பாரிலிருந்து கடைசி பார் வரை பேஸ் பார்ட்டில் ஒரு ரெஸ்ட் கிடையாது. கால் பீட்டுக்குக்கூட இல்லை. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு தேடிப் பார்த்துவிட்டேன். தம்பி, சென்ட்ரலுக்குள் நுழையப் போகிற வண்டி பேசின் பிரிட்ஜில் நிற்காமல் போனதாகச் சரித்திரம் உண்டா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவோரம் வந்து நின்று, ஊரே சிக்னலைத் திட்டுகிற இடம் அது. அந்தப் பேரை வைத்துவிட்டு ஏழரை நிமிஷத்துக்கு எழுதியிருக்கிறாய். ஓர் இடத்திலாவது வண்டி நின்றதா? ஆல்ட்டோ சாக்ஸ் மூச்சு வாங்குகிறது, வயலின் வில்லை எடுக்கிறது, பியானோகூட இரண்டு இடத்தில் சும்மா இருக்கிறது. நீ மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறாய்.

அது போதாதென்று, ஸ்கோரில் டி எழுத்துப் போட்ட பகுதியில் 64 பார் பேஸ் சோலோ. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். நீ எழுதிய பாட்டு, உன் பேர் போட்ட குழு, 64 பார் என்ன, 640 பார்கூட எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த 64 பாரைக் கத்தரித்து எறிந்தால் பாட்டுக்கு ஏதாவது குறைகிறதா என்று பார். எனக்கு எதுவும் குறையவில்லை.

கடிதத்தின் கடைசியில், 'பேஸ் வாசிப்பவர்களே இசையமைத்துத் தலைமை ஏற்ற நல்ல ஆல்பங்கள் சொல்லுங்கள் சார், மிங்கஸும் ஜாக்கோவும் கேட்டாச்சு' என்று எழுதியிருக்கிறாய். கேட்டாச்சா? எதைக் கேட்டாய்? மிங்கஸின் விரலைக் கேட்டிருப்பாய். 1959-இல் வந்த 'மிங்கஸ் ஆ அம்' ஆல்பத்தைத் திரும்பப் போடு. முதல் உருப்படி, 'பெட்டர் கிட் இட் இன் யுவர் சோல்'. ஆறெட்டில் ஓடும் சர்ச் வாசனை. நடுநடுவே மிங்கஸே உற்சாகத்தில் கத்துவார். புக்கர் எர்வின் டெனர் சாக்ஸில் சோலோ எடுக்கிற இடம் வரும்போது காதைத் தீட்டிக்கொள். பியானோ விலகிவிடும், மற்ற ஊதுகருவிகள் விலகிவிடும், பேஸும் விலகிவிடும். கைத்தட்டலும் டானி ரிச்மண்டின் ட்ரம்ஸும் மட்டும்தான் மிச்சம். சொந்த ஆல்பம், சொந்த மெட்டு, முதல் பாட்டு. அதில் ஒரு பேஸ்காரர் செய்கிற வேலை, பேஸை எடுத்துவிடுவது. தரை போன பிறகு எர்வின் எப்படிக் கத்துகிறார் என்று கேள். பேஸ் திரும்பி வரும்போது உனக்குத் தொப்புளில் ஏதோ ஆகும். ஆகவில்லையென்றால் சொல், நாம் வேறு விஷயம் பேசலாம்.

இன்னொன்றும் உண்டு. 1961 நவம்பரில் பதிவான 'ஓ யே'. அதில் மிங்கஸ் பேஸையே தொடவில்லை. டக் வாட்கின்ஸிடம் கொடுத்துவிட்டு, தான் பியானோவில் உட்கார்ந்து பாடுகிறார். பக்கத்தில் ரோலண்ட் கர்க். ஆனாலும் முழுக்க முழுக்க மிங்கஸ் ஆல்பம்தான் அது. கேட்கிற எவனும் வேறு யாருடையது என்று சொல்லமாட்டான்.

இரண்டாவது புகாருக்கு வருகிறேன். ட்ரம்ஸ்காரர் எந்த பீட்டில் ஹை-ஹேட்டைத் திறக்க வேண்டும் என்பதுவரை எழுதியிருக்கிறாய். வயலினுக்கு ஒவ்வொரு வில்லும் மேலா கீழா என்று குறித்திருக்கிறாய். உன் பார்ட்டில் மட்டும் பாதி இடத்தில் வெறும் கார்ட் பேர். அதாவது உனக்கு மட்டும் சுதந்திரம். 1956-இல் 'பித்தகாந்த்ரோபஸ் எரக்டஸ்' பதிவு செய்தபோது மிங்கஸ் குழுவிடம் தாளைக் கொடுக்கவில்லை. பியானோவில் வாசித்துக் காட்டி, காதால் பாடம் பண்ண வைத்தார். யாருக்கு எந்த வரிசை ஸ்வரம் என்று சொல்லிவிட்டு, அவரவர் வழியில் போகவிட்டார். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய கோபத்தை மட்டும் நீ கற்றுக்கொள்ளாதே. 1962-இல் நியூயார்க் டவுன் ஹால் கச்சேரிக்காக நோட்ஸ் காப்பி எடுத்து உதவிக்கொண்டிருந்த டிராம்போன்காரர் ஜிம்மி நெப்பரின் வாயிலேயே குத்தி, பல்லை உடைத்தவர் அவர். ஊதுகிறவனுக்குப் பல் போனால் என்ன மிச்சம்? அந்தக் கச்சேரியில் மேடை மேலேயே காப்பி எழுதிக்கொண்டிருந்தார்களாம். அந்த நேரத்துச் சரக்கெல்லாம் சேர்ந்த 'எபிடாஃப்', இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற ராட்சசன், அவர் 1979-இல் இறந்து பத்து வருஷம் கழித்து 1989-இல்தான் குந்தர் ஷுல்லர் கையில் முழுசாக மேடை ஏறியது.

முதலில் சொன்ன ரெஸ்டுக்குத் திரும்பினால் எனக்கு மாஸ்டர்தான் ஞாபகம் வருகிறார். நான் கோடம்பாக்கத்தில் சின்னப் பையனாக பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அலைந்த நாளில், ரீ-ரெக்கார்டிங்குக்கு டபுள் பேஸ் வாசிக்க வருவார். சைக்கிள் ரிக்‌ஷாவில் வாத்தியத்தைக் கயிறு போட்டுக் கட்டி, தான் கூடவே நடந்து வருவார். ரிக்‌ஷாவில் இரண்டு பேருக்கும் இடம் இருக்காது. மழைக் காலத்தில் குடை வாத்தியத்துக்குத்தான், அவருக்கு இல்லை. ஸ்டுடியோவில் கடைசி வரிசை, சுவரோரம். ஸ்டாண்டில் நோட்ஸுக்குப் பக்கத்தில் நாலாக மடித்த தினத்தந்தி இருக்கும். தாளில் 40 பார் ரெஸ்ட் என்று இருந்தால் கன்னித்தீவைப் படிப்பார். இடது கை கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். கண்டக்டர் கை காட்டக்கூட மாட்டார். மாஸ்டர் பேப்பரை மடித்து வைத்து, வில்லை எடுத்து, திரையில் கதாநாயகி கதவைச் சாத்துகிற அந்த நொடியில் கீழ் 'இ' ஸ்ட்ரிங்கை ஒரு இழு இழுப்பார். முன்னால் உட்கார்ந்திருக்கிற வயலின்காரர்களுக்கு நாற்காலி அதிரும், திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் முழுக்க அவர் வாசித்தது மொத்தம் பதினைந்து ஸ்வரம் இருக்கும். படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பதினைந்துதான் வயிற்றைக் கலக்கியது. 'சும்மா நிற்கிறதுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறான்' என்பார். அவர் ஒரு மெட்டும் போட்டதில்லை. போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் ஓர் ஆசை.

சோலோவே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதே. சார்லி ஹேடனைக் கேள். 1969-இல் பதிவான 'லிபரேஷன் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா', அதில் 'சாங் ஃபார் சே'. தனி பேஸில்தான் தொடங்கும். உன் 64 பாரில் நீ கொட்டியதில் கால்வாசி ஸ்வரம்கூட இருக்காது. ஆனால் ஒன்றைக்கூட எடுக்க முடியாது. ஹேடன் நடை பழகுகிற வயசிலேயே குடும்பத்தோடு ரேடியோவில் நாட்டுப்புறப் பாட்டு பாடியவர். 15 வயதில் போலியோ வந்து குரல் போனது. அதன் பிறகுதான் பேஸ். அவர் வாசிப்பதைக் கேட்டால் பாட முடியாதவன் பாடுகிறான் என்று தெரியும். 1971-இல் ஆர்னெட் கோல்மனோடு போர்ச்சுகல் போனபோது, இந்தப் பாட்டை அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவ் விடுதலை இயக்கங்களுக்குச் சமர்ப்பணம் என்று மேடையிலேயே சொன்னார். மறுநாள் விமான நிலையத்தில் ரகசியப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அத்தனை கம்மியாக வாசித்த பாட்டுக்கு! அந்த ஆல்பத்தில் கார்லா ப்ளே செய்த அரேஞ்ச்மென்ட்டுகளையும் கவனி. தலைமை ஏற்பது என்றால் நம்மைவிட நன்றாக எழுதத் தெரிந்தவரிடம் பேனாவைக் கொடுப்பதும்தான்.

ஜாக்கோ விஷயத்தில் எனக்கு ஊர் மேலேயே கோபம். 1976-இல் வந்த முதல் ஆல்பத்தின் 'டானா லீ'யை ஆளாளுக்குக் காப்பி அடித்தார்கள். எந்தக் கடைக்குப் போய் பேஸ் எடுத்துப் பார்த்தாலும் பக்கத்தில் ஒருத்தன் அதைப் பாதியிலிருந்து வாசித்துக்கொண்டிருப்பான். 'த்ரீ வியூஸ் ஆஃப் எ சீக்ரெட்' அவர் எழுதியது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1981-இல் வந்த 'வர்ட் ஆஃப் மௌத்' ஆல்பத்தில் கேள். மூணுநாலு தாளத்தில், மௌத் ஆர்கனில் டூட்ஸ் தீல்மன்ஸ், சுற்றிலும் பெரிய கூட்டம். உலகத்திலேயே வேகமான கைக்குச் சொந்தக்காரர், அந்த மெட்டை மௌத் ஆர்கன்காரரிடம் கொடுத்துவிட்டு அடியில் நடந்துகொண்டிருக்கிறார். எனக்கு அந்த ஒரு பாட்டுக்காக ஜாக்கோவின் மற்ற அட்டகாசமெல்லாம் மன்னிப்பு.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீயே தேடிக்கொள். டேவ் ஹாலண்டின் 'கான்ஃபரன்ஸ் ஆஃப் த பேர்ட்ஸ்'. லண்டன் வீட்டுத் தோட்டத்தில் விடியற்காலையில் ஒவ்வொன்றாக வந்து கூடிய பறவைகள் கொடுத்த தலைப்பு. சாம் ரிவர்ஸ், ஆந்தனி பிராக்ஸ்டன் என்று இரண்டு ஊதுகாரர்களை வைத்துக்கொண்டு எழுதினது, பியானோ கிடையாது. 'டூட்டு', 1986. அட்டையில் மைல்ஸ் டேவிஸ் முகம், உள்ளே பெரும்பாலும் மார்கஸ் மில்லர் எழுதி, அவரே அடுக்கடுக்காக வாசித்தது. எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவாகப் பிடிக்காது, ஆனாலும் நீ கேட்க வேண்டும். எஸ்பெரன்சா ஸ்பால்டிங்கின் 'சேம்பர் மியூசிக் சொசைட்டி', 2010. உன் குழுவில் வயலின் இருப்பதால் சொல்கிறேன், பேஸுக்கும் மற்ற ஸ்ட்ரிங்ஸுக்கும் நடுவே அந்தப் பெண் எப்படி இடம் விட்டிருக்கிறாள் என்று பார். பழைய கதை வேண்டுமென்றால் பொட்டேசினி. டபுள் பேஸில் வித்தை காட்டிய அந்த இத்தாலியர்தான் 1871 டிசம்பர் 24-ஆம் தேதி கெய்ரோவில் வெர்டியின் 'ஐடா' முதல் அரங்கேற்றத்துக்குக் கண்டக்டர்.

இனி எஃப் எழுத்து. இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் மேலே சொன்ன எதையும் நீ படித்திருக்கமாட்டாய். வயலின் கீழே இறங்கி ஜி ஸ்ட்ரிங்கில் விரலால் மீட்டி உன் வேலையை எடுத்துக்கொள்கிறது. நீ வில்லை எடுத்துக் கட்டைவிரல் பொசிஷனுக்கு ஏறி, வயலினுக்கு மேலே போய் மெட்டைப் பிடிக்கிறாய். எட்டே எட்டு பார். அது மாதிரி எட்டு பார் நான் என் வாழ்க்கையில் எழுதியதில்லை, கோடம்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த எந்த பேஸ்காரரும் எழுதியதில்லை. ஆல்ட்டோ உள்ளே வரும்போது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். வீட்டில் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். அதில் ஒரு புள்ளியைத் தொட்டாலும் உன்னோடு பேசமாட்டேன்.

டி எழுத்தை வெட்டு. அதற்குப் பதில் அங்கே வண்டியை நிறுத்து. எத்தனை பார் என்பதை ஆல்ட்டோகாரரிடமும் ட்ரம்ஸ்காரரிடமும் விட்டுவிடு, அவர்கள் சொல்லட்டும். நீ கையைக் கட்டிக்கொண்டு நில். எப்போது உள்ளே வருவது என்று உனக்கே தெரியும்.

ஒன்று விட்டுப்போயிற்று. ஆல்ட்டோவுக்குத் தனியாக எடுத்துக் கொடுத்திருக்கிற தாளில் இரண்டாம் பக்கத்திலிருந்து டிரான்ஸ்போஸ் பண்ணவே இல்லை, கான்சர்ட் பிட்சிலேயே ஓடுகிறது. ரெக்கார்டிங்கில் அவர் சரியாக வாசித்திருக்கிறார் என்றால் பார்த்தவுடன் மனசிலேயே மாற்றி வாசித்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த மனுஷரிடம் போய் முதலில் ஒரு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த ஒத்திகைக்கு முன்னால் புதுத் தாள் எழுதிக் கொடு.

அன்புடன்,
அண்ணன்