எழுபது வளைவுக்கு ஏறும் முன்

சாயர்புரத்தில் பைக் பழகியவருக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். பனங்காட்டு ஓரமாக டாப் கியரிலேயே தூத்துக்குடி போய்விடலாம். அதே பழக்கத்தோடு கொல்லிமலைக்குக் கிளம்பினால், காரவள்ளிப் பக்கம் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள் வேறு பாடம் நடத்தும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40.

வளைவுக்குள் போய் கியர் மாற்றுவதுதான் பலர் செய்யும் தப்பு. கிளட்ச் பிடித்த நொடியில் வேகம் செத்துவிடும். திரும்பும் முன்பே இரண்டாவது கியர். பின்னால் ஆள் இருந்தால் முதல் கியர். அப்படியும் வண்டி நின்றுவிட்டால் பதற வேண்டாம். வலது கால் பின் பிரேக்கில், இடது கால் தரையில். முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூட்டி, கிளட்சை மெல்ல விட்டால் வண்டி முனகிக்கொண்டு முன்னால் இழுக்கும். அப்போதுதான் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள் ஓரம்தான் ரொம்பச் செங்குத்து. அதை உரசாமல், தன் பாதிக்குள்ளேயே சற்று விலகி ஏறுவது சுலபம்.

ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. ஆனால் வளைவில் திரும்பும் பேருந்துக்குச் சாலை முழுக்கத் தேவைப்படும். சட்டம் பேசாமல் ஒதுங்கி நிற்பது புத்திசாலித்தனம்.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற கெட்டிக்காரர்கள் உண்டு. பிரேக் மட்டுமே வேலை செய்து, சூடேறி, பிடிப்பை இழந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கிளம்பும் முன் பிரேக்கை ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.