கூட்டல் சரி, கணக்கு தப்பு!
கணிப்பொறிப் பாக்கிப் பட்டியலைச் சரிபார்ப்பது எப்படி?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது முன்னோர் வாக்கு. அளந்து போடுவதில் நம் மளிகை வியாபாரிகள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். ஆனால் அளந்ததை எழுதி, எழுதியதைக் கூட்டி, கூட்டியதைச் சரிபார்ப்பதை இன்று கணிப்பொறியிடம் ஒப்படைத்துவிட்டோம். அது ஒருநாளும் கூட்டலில் தவறுவதில்லை. எதைக் கூட்டச் சொன்னோம் என்பதில்தான் தவறு நேர்கிறது. அப்படி ஒரு தவற்றால் நாங்கள் தலைகுனிந்த அனுபவத்தையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் இங்கே எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

தேனியில் நாங்கள் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரை ஒரு லைன். போடி ஒரு லைன். பெரியகுளம் ஒரு லைன். சில ஆண்டுகளுக்கு முன் பாக்கிச் சீட்டுகளைக் கணிப்பொறியிலேயே எடுக்க ஏற்பாடு செய்தோம். நான்கு கடைகளின் கணக்கைப் பேரேட்டோடு ஒப்பிட்டோம். நான்கும் சரியாக இருந்தன. திருப்தியுடன் தீபாவளிக்கு முன்பு எல்லாக் கடைகளுக்கும் சீட்டு அனுப்பினோம்.

மறுநாளே உத்தமபாளையத்திலிருந்து ஒரு கடைக்காரர் பஸ் ஏறி நேரில் வந்துவிட்டார். எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து கொடுக்கல் வாங்கல் உள்ளவர். "அண்ணாச்சி, நான் தரவேண்டியது ஐயாயிரம். நாற்பதாயிரம் என்று சீட்டு வந்திருக்கிறதே? பையன் படித்துவிட்டு ஒரு மாதிரியாகப் பார்க்கிறான்" என்று கைக்கணக்கு நோட்டை எங்கள் முன் வைத்தார். பேரேட்டைப் புரட்டினோம். அவர் சொன்னதே சரி. அதைவிட வெட்கக்கேடு, அந்த மாதம் ஒரு ரூபாய்கூடக் கட்டாத கடைகளுக்குச் சீட்டே போகவில்லை. ஒழுங்காகக் கட்டியவருக்கு எட்டு மடங்கு பாக்கி. கட்டாதவருக்குப் பாக்கியே இல்லை!

மூன்று ஏடுகளும் ஒரு கேள்வியும்

கணிப்பொறிக்குள் கணக்கு ஒரே ஏட்டில் இருப்பதில்லை. கடைகளின் பட்டியல் ஓர் அட்டவணை, பில்கள் ஓர் அட்டவணை, வரவுகள் ஓர் அட்டவணை. மூன்றையும் கட்டிப்போடுவது கடையின் கோடு எண். இவ்வாறு கணக்கைத் தனித்தனி அட்டவணைகளாக வைத்து, வேண்டும்போது இணைத்துக்கொள்ளும் முறையை 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் என்ற அறிஞர் வகுத்தார். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்கும் மொழியே எஸ்.க்யூ.எல். அட்டவணைகளை இணைப்பதை ஜாயின் என்றும், எண்ணிக்கை கேட்பதைக் கவுண்ட் என்றும், தொகை கேட்பதைச் சம் என்றும் அதில் எழுதுவார்கள்.

தவறு பெருகிய விதம்

உத்தமபாளையம் கடைக்கு அந்த மாதம் இரண்டு பில்: ரூ.18,000, ரூ.12,000. மொத்தம் ரூ.30,000. அவர் கட்டியது மூன்று தவணை: ரூ.10,000, ரூ.8,000, ரூ.7,000. மொத்தம் ரூ.25,000. பழைய பாக்கி இல்லை. ஆகவே நிலுவை ரூ.5,000.

ஆனால் எங்கள் பட்டியல் பில் அட்டவணையையும் வரவு அட்டவணையையும் கடைக் கோடு எண்ணை மட்டும் வைத்து ஒரே வீச்சில் இணைத்தது. எந்த வரவு எந்தப் பில்லுக்கு என்று சொல்லாததால், ஒவ்வொரு பில்லும் ஒவ்வொரு வரவோடும் ஜோடி சேர்ந்தது:

பில் 18,000 – வரவு 10,000
பில் 18,000 – வரவு 8,000
பில் 18,000 – வரவு 7,000
பில் 12,000 – வரவு 10,000
பில் 12,000 – வரவு 8,000
பில் 12,000 – வரவு 7,000

இரண்டு பில்லும் மூன்று வரவும் ஆறு வரிகளாகிவிட்டன. பில் தொகை மூன்று மடங்காகி ரூ.90,000; வரவு இரு மடங்காகி ரூ.50,000. கழித்தால் ரூ.40,000. கூட்டலும் கழித்தலும் சரி. கணக்கு மட்டும் தப்பு!

தவறு எப்போதும் நமக்குச் சாதகமாகவே வரும் என்றும் நினைக்க வேண்டாம். போடியில் ஒரு கடைக்கு மூன்று பில், மொத்தம் ரூ.24,000. வரவு ஒன்றே ஒன்று, ரூ.10,000. உண்மைப் பாக்கி ரூ.14,000. பட்டியலிலோ வரவு மும்மடங்காகி ரூ.30,000 ஆனதால், நாம் அவருக்கு ரூ.6,000 தரவேண்டும் என்று காட்டியது.

முதலில் பார்த்த நான்கு கடைகள் எப்படித் தப்பின? அவற்றுக்கு ஒரு பில், ஒரு வரவு. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்றுதானே! 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு, மாதம் ஒருமுறை கட்டிய பல கடைக்காரர்கள் செல்போனிலேயே சிறுகச் சிறுகக் கட்டுகிறார்கள். வரவு வரிகள் பெருகப் பெருக இந்தத் தவறும் பெருகுகிறது.

காணாமல் போன கடைகள்

சாதாரண ஜாயின், அதாவது இன்னர் ஜாயின், இரு பக்கமும் ஜோடி உள்ள வரிகளை மட்டுமே காட்டும். வரவே இல்லாத கடைக்கு ஜோடி இல்லை. ஆகவே பட்டியலிலிருந்தே விழுந்துவிடும். கடைப் பட்டியலை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் என்று எழுதினால், ஜோடி இல்லாவிட்டாலும் கடையின் பெயர் நிற்கும்; வரவு இடம் வெறுமையாக இருக்கும்.

இதிலும் மூன்று கண்ணிகள் உண்டு. ஒன்று, கணிப்பொறிக்கு வெறுமை வேறு, பூஜ்யம் வேறு. ரூ.22,000-லிருந்து வெறுமையைக் கழித்தால் விடையும் வெறுமைதான். வெறுமையைப் பூஜ்யமாக்கக் கோஅலெஸ் என்ற கட்டளையைச் சேர்க்க வேண்டும். இரண்டு, இந்த மாதம் கடைக்கு எத்தனை பில் என்று கேட்கும்போது வரிகளை எண்ணச் சொன்னால், சரக்கே எடுக்காத கடைக்கும் 1 என்று வரும்; அந்தக் கடையின் பெயர் நிற்கும் வரியே ஒன்றாக எண்ணப்படும். பில் எண்ணை எண்ணச் சொன்னால்தான் 0 என்று வரும். மூன்று, பில் தேதி நிபந்தனையைக் கடைசியில் வேர் என்ற பகுதியில் எழுதினால், வெறுமையாக நின்ற கடைகள் மறுபடியும் விழுந்துவிடும். அதை இணைப்பு நிபந்தனையோடு, ஆன் என்ற பகுதியில் எழுத வேண்டும்.

சரிசெய்த முறை

இது நம் பழைய பேரேட்டு முறையேதான். முதலில் பில்களை மட்டும் கடைவாரியாகக் கூட்டி, கடைக்கு ஒரு வரி ஆக்க வேண்டும். பிறகு வரவுகளையும் அவ்வாறே கடைக்கு ஒரு வரி ஆக்க வேண்டும். அதன் பின்னரே இரண்டையும் கடைப் பட்டியலோடு லெஃப்ட் ஜாயினில் இணைக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்றால் பெருக இடமில்லை.

சிலர் டிஸ்டிங்க்ட் என்ற சொல்லைச் சேர்த்து ஒட்டுப் போடுவார்கள். பில் எண்ணிக்கைக்கு அது உதவும், தொகைக்கு உதவாது. ஒரே கடைக்கு ரூ.6,000-க்கு இரண்டு பில் இருந்தால், இரண்டையும் ஒன்றாகக் கருதி ரூ.6,000 மட்டும் கூட்டும். ஒரு பில் மாயமாகிவிடும்.

நாமே சோதிக்க ஐந்து வழிகள்

1. இரண்டுக்கு மேற்பட்ட பில்லும் வரவும் உள்ள கடை ஒன்று, வரவே இல்லாத கடை ஒன்று, சரக்கே எடுக்காத கடை ஒன்று என மூன்றைப் பொறுக்கி, கையால் கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள். சுலபமான கடைகளை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம். நாங்கள் ஏமாந்தது அங்கேதான்.

2. தொகை தப்பாக வந்தால், கூட்டலை நீக்கிவிட்டு அந்தக் கடையின் வரிகளை அப்படியே காட்டச் சொல்லுங்கள். ஒரே பில் எண் மூன்று முறை வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார்.

3. அட்டவணைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் வரி எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அட்டவணை சேர்ந்ததும் எண்ணிக்கை எதிர்பாராமல் ஏறுகிறதோ இறங்குகிறதோ, அங்கே பாருங்கள்.

4. பட்டியலின் மொத்த பில் தொகையும், பில் அட்டவணையை மட்டும் தனியே கூட்டிய தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். வரவுக்கும் அப்படியே. இதுவே கணிப்பொறிக்கு நாம் போடும் இருப்பாய்வு.

5. பெயரை வைத்து ஒருபோதும் இணைக்காதீர்கள். ஒரே பெயரில் போடியில் ஒரு கடை, கம்பத்தில் ஒரு கடை இருக்கும். கோடு எண்ணே பாதுகாப்பு.

வரிக் கணக்கிலும் இதே பாடம்

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. நம் கொள்முதல் ஏட்டை ஜி.எஸ்.டி.ஆர்.-2பி அறிக்கையோடு ஒப்பிடுவதும் ஒரு ஜாயின்தான். விற்றவர் கணக்கில் காட்டி, அது நமக்குத் தெரிவிக்கப்பட்ட பில்லுக்கே உள்ளீட்டு வரி வரவு என்பது 2022 ஜனவரி 1 முதல் சட்டம். இங்கே பில் எண்ணை மட்டும் வைத்து இணைத்தால், 27 என்ற எண்ணில் நான்கு வியாபாரிகளின் பில் வந்து கலந்துவிடும். விற்றவரின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண், பில் எண், நிதியாண்டு மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும். 5 சதவீதச் சரக்கும் 18 சதவீதச் சரக்கும் ஒரே பில்லில் இருந்து, நாம் இரண்டு வரியாகப் பதிந்திருந்தால், முதலில் பில்வாரியாகக் கூட்டிய பிறகே இணைக்க வேண்டும். 045 என்று அவர் பதிந்ததை நாம் 45 என்று பதிந்திருந்தால், லெஃப்ட் ஜாயினில் அது வராத பில்லாக நிற்கும். அப்படி நிற்பவற்றைக் கண்ணால் பார்த்துத் தீர்க்க வேண்டும்.

முடிவாக

பட்டியலைத் திருத்திய பிறகு, தப்பான சீட்டு போன ஒவ்வொரு கடைக்கும் லைனில் நேரில் சென்று, பேரேட்டைக் காட்டி, வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தோம். உத்தமபாளையத்துக்காரர் அன்றே ரூ.5,000 எண்ணிக் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, இனிமேல் சீட்டில் பில் நம்பரையும் போட்டு அனுப்புங்கள்" என்று மட்டும் சொன்னார். நல்ல யோசனை. இப்போது எங்கள் சீட்டில் ஒவ்வொரு பில் எண்ணும், ஒவ்வொரு வரவுத் தேதியும் தனித்தனியே வருகின்றன. தப்பு இருந்தால் கடைக்காரரே கண்டுபிடித்துவிடலாம்.

கணிப்பொறிக்காரர் எழுதித் தருவதை நாம் எழுதக் கற்கவேண்டிய அவசியமில்லை. ஆனால் சரிபார்க்கக் கற்றே ஆகவேண்டும். சீட்டில் கீழே இருப்பது நம் கடையின் பெயர்.